குழாயில் வந்த நீலம்

ஒரு வியாழக்கிழமை காலை. மறுநாள் ஜும்ஆவுக்கான வெள்ளைக் கைலிகளையும் ஜிப்பாக்களையும் உம்மா மாடிக் குளியலறையில் அலசிக்கொண்டிருந்தார். வாளியில் சொட்டு நீலம் விட்டு, பைப்பில் மாட்டிய ஓஸின் நுனியை வாளியின் அடிவரைக்கும் இறக்கி வைத்திருந்தார். மேலே பிடித்தால் தண்ணீர் தெறித்துச் சேலை நனையும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஓஸ் வாளிக்குள் முங்கித்தான் கிடக்கும்.

வாளி நிறைகிற நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டது. வழக்கமாக நிற்கிற நேரம்தான். உம்மா பைப்பை மூடவில்லை. கொஞ்சம் சொட்டினாலும் வாளியில் விழட்டும் என்ற எண்ணம். பிழிந்த துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீடும் சாச்சா வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. வாப்பாவின் வாப்பா காலமான பிறகு நடுவில் சுவர் எழும்பியது. அடுப்படி இரண்டானது, கரண்ட் மீட்டர் இரண்டானது. தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்பு மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சாச்சா வீட்டு முற்றத்தில் ஒரு பைப்பு, இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்று, அதிலிருந்து மாடிக்கு ஏறும் ஒரு கிளை. அவ்வளவுதான் அமைப்பு.

சாச்சாவின் மகள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "காக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன். தண்ணி நீலமா வருது."

குடத்தைக் கழுவிய தண்ணீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எவர்சில்வர் தம்ளரில் பிடித்துக் காட்டினாள். வெளிறிய வானத்தின் நிறம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தம்ளர் இன்னும் அடர்ந்து வந்தது. முதலில் வந்த நாலைந்து தம்ளர் தெளிவாகத்தான் இருந்ததாம். அதில் ஒன்றைக் குடித்தும்விட்டாள்.

மாடிக்கு ஓடினேன். விளிம்பு வரைக்கும் இருந்த வாளி பாதியாகியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. ஓஸ் அசையாமல் அப்படியே முங்கிக் கிடந்தது. வாளித் தண்ணீரின் மட்டம் மட்டும் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. ஓஸை வெளியே உருவியதும் 'சர்ர்' என்று காற்றை இழுத்தது. கீழே சாச்சா வீட்டு பைப்பு இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு நின்றுபோனது.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு வாளியில் நீலம் கலந்திருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. அதே வாளியில் அதே ஓஸைப் போட்டுத்தான் கைக்குழந்தையின் துணியை அலசுகிறோம். கக்கூஸ் கழுவப் பினாயில் கலக்குவதும் அதில்தான். அந்த நாட்களில் எதிர்ப்பக்கம் எத்தனை தம்ளர் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் பிளம்பர் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். முப்பது வருஷமாக எங்கள் ஊர் மேலப்பாளையத்துத் தெருக்களில் குழாய் இறக்கியவர். எங்கள் வீட்டு ஜிஐ பைப்பே அவர் கை போட்டதுதான். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தண்ணி மேல இருந்து கீழ இறங்குனா, அது விட்டுட்டு வந்த இடத்தை என்னமாவது வந்து அடைக்கணும் தம்பி. காத்து கெடைச்சா காத்து வரும். காத்துக்கு வழி இல்லைன்னா வாளியில உள்ளது வரும்."

நான் படித்த பாடப்புத்தகங்கள் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மாடிக்கு ஏறும் குழாயில் நின்ற தண்ணீர், கீழே சாச்சா வீட்டு பைப்பைத் திறந்ததும் தன் எடையால் இறங்கியது. மேலே குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகப் பார்த்தது. வாளித் தண்ணீரின் மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு குழாய்க்குள் முழு வெற்றிடம் இருந்தால், நம்மைச் சுற்றியுள்ள காற்று 10 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும். அவ்வளவு பலம் உள்ள காற்றுக்கு வாளியிலிருந்து ஒரு முழ உயரம் ஓஸுக்குள் ஏற்றுவது ஒரு வேலையே இல்லை. ஏற்றிவிட்டது.

குடிநீர்க் குழாய்க்குள் அழுக்கு திரும்பி வருவதற்கு இரண்டு காரணங்கள்தான். ஒன்று இது, தெருப்பக்கம் அழுத்தம் குறைந்துபோய் வீட்டுப்பக்கத்தில் உள்ளதை உறிஞ்சுவது. இன்னொன்று, வீட்டுப்பக்கம் அழுத்தம் கூடிப்போய்த் தெருவுக்குள் தள்ளுவது. நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிற ஊர்களில் முதலாவது எப்போதாவதுதான் நடக்கும். குழாய் உடைந்தாலோ தீயணைப்பு வண்டி இழுத்தாலோ உண்டு. நம்மூர்ப் பக்கம் தண்ணீர் நேரம் வைத்து வருகிறது, நேரம் வைத்து நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மேட்டிலிருக்கும் குழாயிலிருந்து பள்ளத்திலிருக்கும் குழாய்க்குத் தண்ணீர் வடிகிறது. வடிகிற ஒவ்வொரு முறையும் குழாய் மூச்சை உள்ளே இழுக்கிறது. தெருவுக்கு அடியில் எங்கே விரிசல் இருந்தாலும், இணைப்பு தளர்ந்திருந்தாலும், அந்த மூச்சு அங்கிருந்துதான் வரும். அங்கே வாறுகால் கசிந்து ஊறிய மண் இருந்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாடில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரே ஊரில் சில பகுதிகளுக்கு 24 மணி நேரமும் தண்ணீர், மற்றப் பகுதிகளுக்கு விட்டு விட்டுத் தண்ணீர். கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டு விட்டு வரும் குழாய்களில்தான் மலக்கிருமியின் அடையாளம் அதிகம் தென்பட்டது. தண்ணீர் திறந்ததும் வரும் முதல் தண்ணீரும், அழுத்தம் குறைந்த நேரத்துத் தண்ணீரும் மோசமானவை. நம்மூர்ப் பெண்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். தண்ணீர் வந்ததும் யாரும் முதல் குடத்தைக் குடிக்க எடுப்பதில்லை. வாசல் தெளிக்கவோ பாத்திரம் கழுவவோதான் எடுப்பார்கள். பீடிச் சுளவை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஓடி வரும் அவசரத்திலும் அந்த முதல் குடத்தைத் தனியாக வைக்க மறக்க மாட்டார்கள்.

இனி இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். வாசல் குழி.

மேலப்பாளையத்தின் எந்தக் குறுக்குச் சந்திலும் நடந்து பாருங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில், தெருவை ஒட்டி, இரண்டடி அகலத்தில் ஒரு குழி. மேலே ஒரு கடப்பாக்கல் அல்லது தகரம் மூடியிருக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில், தெரு மட்டத்துக்கு இரண்டடி மூன்றடி கீழே, ஒரு குழாயின் வாய். அதில் பைப்பு இருக்கலாம், வெறும் மரக்கட்டையைத் துணி சுற்றி அடித்தும் இருக்கலாம். அழுத்தம் குறைந்த தெருக்களில் தண்ணீர் வாசல் மட்டத்துக்கு ஏறாது. ஏறாத தண்ணீரைப் பிடிக்க மனிதன் இறங்குகிறான். குழியில் குடத்தை வைத்துப் பிடித்து, சொம்பால் மொண்டு, கையால் தூக்கி மேலே வைக்கிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி. யாருடைய பேராசையும் அந்தக் குழியைத் தோண்டவில்லை. தண்ணீர் எட்டாத வீட்டின் தேவை தோண்டியது.

ஆனால் குழிக்கு மழையும் வரும், வாறுகால் நிறைந்து வழிவதும் வரும், செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிற ஆடுகள் தெருவில் விட்டுச் செல்வதும் கழுவி வரும். குழாயின் வாய் அதில் முங்கிக் கிடக்கும். பைப்பு இறுக்கமாக மூடியிருந்தால் பிழைத்தோம். வாஷர் தேய்ந்து சொட்டுகிற பைப்பு என்றால், தண்ணீர் இருக்கும்போது வெளியே சொட்டும், தண்ணீர் நின்றதும் உள்ளே சொட்டும். எங்கள் மாடி வாளியும் ஓஸும் செய்ததை அந்தக் குழியும் குழாயும் செய்கின்றன. வாளியிலிருந்து போனது ஒரு வீட்டுக்குத்தான். குழியிலிருந்து போவது தெருவுக்கே.

இது ஏழை ஊரின் கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1969-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஏறக்குறைய முழுதாக மஞ்சள்காமாலையில் படுத்தது. வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு ஆட்டங்களோடு அந்த ஆண்டின் போட்டிகளையே ரத்து செய்தார்கள். சாப்பாட்டில் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் பயிற்சி மைதானத்தில் கிடைத்தது. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தரை மட்டத்துக்குக் கீழே குழிகளில் குழாய்வாய்கள் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள், அவர்களுக்கு மஞ்சள்காமாலை இருந்தது. ஆகஸ்டு மாதம் ஒருநாள் நகரில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை இழுத்தன, குழாயில் அழுத்தம் விழுந்தது, குழியில் தேங்கியிருந்தது குடிநீர்க் குழாய்க்குள் போனது. அதே குழாயின் நுனியில்தான் பயிற்சிக்கு வந்த அணி வீரர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தரைக்குக் கீழே ஒரு குழி, அதில் ஒரு குழாய்வாய், கொஞ்ச நேரம் அழுத்தம் இல்லாமல் போனது. அவர்களுக்கு அது ஒரே ஒரு நாள் நடந்தது. நமக்கு முறை வைத்து நடக்கிறது.

1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் இரண்டு பெரிய ஹோட்டல்களில் தங்கி அமீபா சீதபேதியோடு ஊர் திரும்பினார்கள். 1,400-க்கு மேல் நோயாளிகள், 98 சாவு. பழைய கட்டடங்களின் குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றுக்கொன்று தொடர்பாகிக் கிடந்திருக்கின்றன. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் குழாய்ச் சட்டங்கள் இறுகின.

நம் நாட்டிலும் பெரிதாக ஒன்று நடந்தது. 1955-இன் இறுதியில் யமுனையில் வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ள, தில்லியின் நஜஃப்கர் சாக்கடைத் தண்ணீர் கீழே போவதற்குப் பதில் எதிர்த்திசையில் ஏறி, வஜிராபாதில் குடிநீர் எடுக்கும் இடத்தையே எட்டிவிட்டது. ஆபத்தை உணர்ந்து குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைஃபாய்டு பரவவில்லை. ஆனால் அந்த மாசிலிருந்த வைரஸ் தப்பி வந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை. அது ஹெபடைடிஸ் இ என்று பெயரிடப்பட்ட வகை என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. கர்ப்பிணிகளுக்கு மிக ஆபத்தான வகை அது. 'எல்லாத்துக்கும் குளோரின் போடுறாங்களே' என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் நான் தில்லிக் கதையைத்தான் சொல்வேன். குழாயின் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. அந்தச் சின்ன அளவு, வழியில் ஒரு குழி நிறையச் சாக்கடை உள்ளே வந்தால் அதை எதிர்த்து நிற்காது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நமக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது, ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் சேதமாகிப் பல நாள் குடிநீர் தடைபட்டது. இதைக் குழாய்க் கண்ணோடு பாருங்கள். தெரு முழுக்கத் தண்ணீர், குழிகள் எல்லாம் நிறைந்து முங்கிக் கிடக்கின்றன, நிலத்துக்கு அடியில் குழாய் மட்டும் காலி. இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. அந்த நாட்களில் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குடித்தோம். குழாயில் திரும்பத் தண்ணீர் வந்த அன்று வந்த சந்தோஷத்தில் எத்தனை பேர் முதல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம்?

இனி மோட்டார். தெருக்குழாயில் நேரடியாக அரை ஹெச்பி மோட்டாரை வைத்து உறிஞ்சுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும், பிடித்தால் பறிமுதல் செய்வார்கள் என்பதும் தெரியும். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பதைத்தான் குற்றமாகச் சொல்கிறோம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மோட்டார் உறிஞ்சும்போது அந்தத் தெருக்குழாய்க்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைகிறது. பக்கத்து வீட்டுக் குழியில் தேங்கியதை அந்த மோட்டார்தான் இழுக்கிறது. யார் வீட்டுத் தொட்டிக்கு? மோட்டார் வைத்தவர் வீட்டுத் தொட்டிக்கே. அந்தத் தண்ணீரைத்தான் அவர் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

அடுத்தது தள்ளுகிற வகை. இதற்கு எனக்கு நாக்குதான் சாட்சி. தாமிரபரணித் தண்ணீரின் ருசி இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு, டீ போட்டால் திரியும். சில நாள் காலையில் தெருக்குழாயைத் திறந்தால் முதல் ஒரு குடம் உப்புக் கரிக்கும், பிறகு இனிக்கும். ஆற்றுத் தண்ணீர் வழியில் உப்பாகாது. யாரோ ஒருவர் வீட்டு போர்த் தண்ணீர் தெருக்குழாய்க்குள் வந்து காத்திருக்கிறது என்று அர்த்தம். எப்படி? மாடித் தொட்டிக்கு ஏறும் ஒரே குழாயில் போர் மோட்டாரையும் தெரு இணைப்பையும் 'டீ' போட்டுச் சேர்த்திருப்பார்கள். நடுவில் ஒரு கேட் வால்வு. போர் ஓடும்போது அதை மூட வேண்டும். மறந்துபோகும், அல்லது உள்ளே கரகரப்பு ஏறி முழுசாக மூடாது. முப்பதடி உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் தள்ளும் மோட்டார், காலியாகக் கிடக்கும் தெருக்குழாய்க்குள் தள்ள யோசிக்குமா? போர்க்குழிக்குப் பத்தடி தள்ளி செப்டிக் டேங்க் இருக்கிற வீடுகள் எத்தனை என்று எண்ணினால், அந்த உப்பு ருசியோடு வேறு என்ன வந்தது என்று பயமாக இருக்கும்.

தடுக்க என்ன வழி என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் பையிலிருந்து பித்தளைச் சாமான் எதையாவது எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து மாடிக்குப் போய், ஓஸை வாளியிலிருந்து எடுத்து, வாளி விளிம்புக்கு நாலு விரல் மேலே ஜன்னல் கம்பியில் சணல் வைத்துக் கட்டினார்.

"இதுதான் தம்பி மொதல் வால்வு. இது துருப்பிடிக்காது, தேயாது, காசும் கேக்காது."

காற்று இடைவெளி. உலகத்தில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன, இதை மிஞ்சிய பாதுகாப்பு இன்னும் வரவில்லை. தண்ணீர் விழுகிற வாய்க்கும் தேங்கியிருக்கிற தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்று. குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு, எப்படியும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் என்பது கணக்கு. குழாய் உறிஞ்சினாலும் காற்றைத்தான் உறிஞ்சும்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களின் பழைய ஹவுள்கள் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. ஒளு செய்ய உட்காருகிறவர்கள் கை கால் முகம் எல்லாம் கழுவுகிற தொட்டி. அதை நிரப்பும் குழாய் ஒருநாளும் தண்ணீருக்குள் இறங்கி இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து விழும். சின்ன வயதில் அந்த விழும் தண்ணீரில் கையை நீட்டி வைத்துக்கொண்டு நிற்பேன், பெரியவர்கள் அதட்டுவார்கள். யார் அந்த உயரத்தை வைத்தார்களோ, தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, அவர்கள் கையை முத்தமிடலாம்.

இப்போது வீடுகளில் கட்டுகிற சம்ப்பைப் பாருங்கள். தண்ணீர் விழும் சத்தம் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குழாயைத் தொட்டியின் அடிவரைக்கும் நீட்டிவிடச் சொல்கிறோம். அந்த ஒரு துண்டுக் குழாயால் நம் சம்ப் முழுதும் தெருவோடு ஒட்டிவிடுகிறது. தெருவில் தண்ணீர் நின்று, பள்ளத்து வீட்டில் யாராவது திறந்தால், நம் சம்ப் தண்ணீர் அங்கே வடியத் தொடங்கும். சம்ப்பில் பல்லி செத்துக் கிடந்தாலும் அதுவும் சேர்ந்துதான். அந்த நீட்டுத் துண்டை அறுத்துவிடுங்கள். சத்தம் வரட்டும். நிறைந்தால் வழியும் குழாயை நேரே வாறுகாலோடு இணைத்திருந்தால் அதையும் வெட்டி, திறந்த வெளியில் வலை கட்டி விடுங்கள். வாறுகால் நிறைகிற மழைநாளில் அந்தக் குழாய் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருமுறை யோசித்தால் போதும்.

பிறகுதான் வால்வுகள். எங்கள் இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அண்ணாச்சி ஒரு என்ஆர்வி, அதாவது தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு வைத்தார், சாச்சா பக்கக் கிளைக்குத் தனியாக ஒன்று, மாடிக்கு ஏறும் கிளையில் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை உருண்டை. உள்ளே ஒரு வட்டத் தகடு, பின்னால் ஒரு ஸ்பிரிங். தண்ணீர் முன்னே வந்தால் தகட்டைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னே வந்தால் அந்தத் தண்ணீரே தகட்டைத் தள்ளிக் கதவைச் சாத்தும். உடம்பில் ஓர் அம்புக்குறி வார்த்திருக்கும், அந்தத் திசை மாறினால் வீட்டுக்குத் தண்ணீரே வராது. ஸ்பிரிங் இல்லாத, கதவு போல ஊஞ்சலாடும் வகையும் உண்டு. அதைத் தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் குழாயில் வைக்கக் கூடாது, கதவு தொங்கித் திறந்தே நிற்கும்.

ஆனால் என்ஆர்வியை நம்பித் தூங்கிவிடாதீர்கள். ஒரு மணல் துகள், துருச்செதில், சணல் நூல் வாயில் சிக்கினால் கதவு முழுசாகச் சாத்தாது. அதனால்தான் வால்வுக்குத் தெருப்பக்கம் ஒரு குட்டி பைப்பு வைக்கச் சொன்னேன். தண்ணீர் நின்ற பிறகு தெரு வால்வை மூடிவிட்டு அந்தக் குட்டி பைப்பைத் திறந்தால், குழாயில் மிச்சம் இருந்தது வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் வீட்டுத் தண்ணீர் என்ஆர்வியைத் தாண்டித் திரும்புகிறது. கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் அது. ஐந்து நிமிஷ வேலை.

போரையும் தெரு இணைப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நடுவில் என்ஆர்வி போட்டால் போதுமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு வெவ்வேறு தண்ணீர் ஆதாரங்களுக்கு நடுவில் காற்று இடைவெளி வேண்டும், அதற்கு மாற்றாக என்ஆர்வியை ஏற்க முடியாது. தெருத் தண்ணீர் தனியாகச் சம்ப்பில் விழட்டும், போர்த் தண்ணீர் தனியாகத் தொட்டிக்கு ஏறட்டும். இரண்டையும் சேர்க்கும் அந்த 'டீ'யை எடுத்துவிட்டால் வால்வே தேவையில்லை.

ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் நிலையம், சாயப்பட்டறை, ரசாயனத் தொழிற்சாலை மாதிரி இடங்களில் ஒரு வால்வு பழுதாகும் வாய்ப்பைக்கூட விட்டுவைக்க முடியாது. அங்கே வைக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் மூளையை நினைத்து நினைத்து வியக்கிறேன். வரிசையாக இரண்டு என்ஆர்வி, நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையின் அழுத்தம் எப்போதும் தெருப்பக்க அழுத்தத்தைவிடக் குறைவாகவே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அறையின் அடியில் ஒரு திறப்பு. தெருப்பக்கம் அழுத்தம் விழுந்தாலோ, ஏதாவது ஒரு வால்வு கசிந்து அறைக்குள் அழுத்தம் ஏறினாலோ, அந்த வித்தியாசம் குறைந்த உடனே திறப்பு திறந்துகொள்ளும். அழுக்கு முன்னேயும் போகாது பின்னேயும் போகாது, எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டும். அமெரிக்காவில் பல நகரங்களில் இதை ஆண்டுதோறும் பயிற்சி பெற்ற ஆள் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். நம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளாவது இதைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டுக்குள் இன்னும் ஒன்று. கக்கூஸில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட். கொக்கியில் மாட்டாமல் அதை வாளிக்குள் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மாடித் தொட்டியின் வால்வை மூடியிருக்கும்போது கீழே அடுப்படியில் யாராவது பைப்பைத் திறந்தால், அந்த வாளித் தண்ணீர் அடுப்படிக்கு வர வழி இருக்கிறது. சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். அடுப்படிக்குத் தொட்டியிலிருந்து தனிக்குழாய் இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து நின்று தலை கவிழ்ந்திருக்கும் காற்றுக் குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு வைத்ததில்லை அது. குழாய்க்குள் வெற்றிடம் வரும்போது வாளிக்குப் பதிலாகக் காற்றைக் கொடுப்பதும் அதன் வேலை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குளவி கூடு கட்டுகிறது என்று அதன் வாயில் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். ஒரு வலைத்துணி கட்டியிருந்தால் போதுமாயிருந்தது.

எங்கள் வீட்டு வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆனால் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் குழி என்னைத் தூங்கவிடவில்லை. தனியாக இருக்கிறார், எழுபதைத் தாண்டிய வயது, அந்தக் குழிக்குள் குனிந்துதான் ஒவ்வொரு குடமும் தூக்குகிறார். குழியை மூடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? மூடினால் அவருக்குத் தண்ணீர் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் நானும் போய்ப் பேசினோம். குழிக்குள் இறங்கிப் பார்த்த அண்ணாச்சி, இணைப்பு தெருக்குழாயிலிருந்து வரும் வழியிலேயே துருவேறி முக்கால்வாசி அடைத்திருக்கிறது என்றார். அனுமதி வாங்கி, அந்தப் பதினைந்தடிப் பழைய ஜிஐ குழாயை மாற்றினோம். செலவை வாப்பாவும் சாச்சாவும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டார்கள். தண்ணீர் இப்போது தரைக்கு ஓரடி மேலே வரைக்கும் ஏறுகிறது. குடம் வைக்கிற உயரம் அது. அதற்கு மேலே அண்ணாச்சி பைப்பு வைக்கவில்லை. குடத்தின் வாய்க்கும் பைப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு, அதைப் பெரியம்மாவிடம் காட்டி, ஓஸ் மாட்டக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

குழியை ஆற்று மணல் போட்டு நிரப்பி மேலே சிமெண்ட் பூசினோம். ஈரம் காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்படியும் ஓர் ஆடு வந்து நடந்துவிட்டது. நாலு குளம்புத் தடம் அப்படியே இறுகிக் கிடக்கிறது.